காய்கறியில் பூஞ்சண நோய்க்கு வேப்பெண்ணெயும் இலைச்சாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெண்டை, தக்காளி, மிளகாய், வெங்காயம், பந்தல் காய்கறி போடுகிறவர்களும் மாடித்தோட்டக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பூச்சி பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஏனென்றால் பூச்சிக்கும் நோய்க்கும் ஒரே கரைசலை அடித்துவிட்டு "இயற்கை மருந்து கேட்கவில்லை" என்று சொல்வதுதான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம்.

இலைச்சாறு அடித்தால் பூஞ்சண நோய் உண்மையிலேயே போகுமா?

வந்த நோய் போகாது. வராமல் தடுக்கும், வந்தது அடுத்த செடிக்குப் பரவுவதை மட்டுப்படுத்தும். அதுவும் எல்லா நோயிலும் இல்லை.

கடையில் விற்கும் ஊடுருவிப் பாயும் பூஞ்சணக்கொல்லி இலைக்குள் இறங்கி, உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சணத்தையும் சில நாள் வரை தடுக்கும். வேப்பெண்ணெய், பூண்டுச் சாறு போன்றவை பெரும்பாலும் இலைமேல் இருந்தபடி வேலை செய்பவை. பூஞ்சணத்தின் வித்து (அது பரவ உதவும் தூள் போன்ற நுண்விதை) வந்து விழும் முன் அவை இலையில் இருக்க வேண்டும், அல்லது விழுந்த கையோடு மேலே பட வேண்டும். அதனால் "எப்போது அடித்தீர்கள்" என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. "எதை அடித்தீர்கள்" என்பது அப்புறம்.

எந்த நோய்க்குக் கேட்கும், எதற்குக் கேட்காது?

பூஞ்சணம் செடியில் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும்.

நன்றாகக் கேட்பது சாம்பல் நோய். வெண்டை, பூசணி, வெள்ளரி, புடலை, பீர்க்கு இலைகளில் மாவு தூவியது போல் வருகிறதே, அது. இந்தப் பூஞ்சணம் தன் உடம்பு முழுவதையும் இலைக்கு வெளியே பரப்பி, உறிஞ்சு உறுப்பை மட்டும் மேல்தோல் செல்லுக்குள் விட்டு உறிஞ்சுகிறது. வெளியே கிடப்பதால் எண்ணெய் நேரடியாக மேலே படுகிறது. இன்னொன்று, இதன் வித்து முளைக்க இலையில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் பகலில் வறண்டு இரவில் ஈரப்பதம் ஏறும் நாட்கள்தான் இதற்கு வாகு.

ஆனால் மிளகாயில் வரும் சாம்பல் நோய் வேறு இனம். அது இலைக்குள்ளே வளர்ந்து, அடிப்பக்கத் துளைகள் வழியாக வித்துகளை வெளியே தள்ளுகிறது. மேற்பக்கம் மஞ்சள் திட்டு தெரியும், திருப்பிப் பார்த்தால் வெள்ளை. அந்த வெள்ளை கண்ணில் படும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். வெண்டையில் வேப்பெண்ணெய் நன்றாகக் கேட்டது, மிளகாயில் கேட்கவில்லை என்பவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் பேர் ஒன்றாக இருப்பதுதான் தொல்லை.

தக்காளி இலைக்கருகல், வெங்காயத்தின் ஊதாக் கொப்புள நோய் இரண்டும் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சண வகையால் வருபவை. இவற்றில் முன்கூட்டியே அடித்தால் ஓரளவு பலன் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூண்டையும் வெங்காயத்தையும் இனக்கலப்புச் செய்து உருவாக்கிய 'ஜிம்மு' என்ற செடியின் இலைச்சாற்றைத் தக்காளி இலைக்கருகலுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள். அதை நன்மை செய்யும் பாக்டீரியாக்களோடு சேர்த்துக் கொடுத்தபோது செடியின் சொந்த எதிர்ப்பும் கூடியது.

அடிச்சாம்பல், உருளையிலும் தக்காளியிலும் வரும் பின்பருவக் கருகல், நாற்றழுகல் ஆகியவற்றில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இவற்றைப் பெரும்பாலும் உண்டாக்குபவை உண்மையான பூஞ்சணங்களே அல்ல. பாசிகளுக்கு உறவான நீர்ப்பூஞ்சண வகை. இலை நனைந்திருந்தால் சில நாளிலேயே வயலைச் சுற்றி வந்துவிடும்.

பியூசேரியம் வாடல் போன்ற மண்வழி நோய்களுக்கு இலையில் எதை அடித்தும் பயனில்லை. பூஞ்சணம் இருப்பது வேரிலும் தண்டின் நீர்க்குழாயிலும்.

வெண்டையில் சாம்பல் நோய் தொடங்கியிருக்கிறது. வேப்பெண்ணெயை எப்படிக் கலக்குவது?

வழக்கமாகச் சொல்லும் அளவு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. வளர்ந்த வெண்டை இதைத் தாங்கும். வெள்ளரி, பீர்க்கு போன்ற மெல்லிய இலைப் பயிர்களுக்கு லிட்டருக்கு 10 மில்லியில் தொடங்கி, நான்கைந்து செடியில் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

கலக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றிக் குச்சியால் கிண்டினால் ஐந்து நிமிடத்தில் மேலே ஏறி நிற்கும். அப்புறம் டேங்கில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசிச் செடிகளுக்கு வெறும் எண்ணெய் போகும். அந்தக் கடைசிச் செடிகள் கருகும். "வேப்பெண்ணெய் இலையை எரித்துவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான்.

காதி சோப்பை 50 கிராம் அளவுக்குச் சீவி, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். அந்தச் சோப்புத் தண்ணீரில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே அடித்துக் கலக்குங்கள். எண்ணெயின் பழுப்பு மறைந்து, கெட்டியான பால் மாதிரி வெளுத்து வரவேண்டும். ஒரு சொட்டை எடுத்துத் தம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். புகை மாதிரி கரைந்து பரவினால் சரி. மேலே கண் கண்ணாக எண்ணெய் மிதந்தால் இன்னும் சோப்பு வேண்டும். இதற்கு அப்புறம்தான் டேங்கில் ஊற்றி மீதித் தண்ணீர் சேர்ப்பது. கலந்ததை அன்றே அடித்து முடித்துவிடுங்கள். நடுநடுவே டேங்கைக் குலுக்கிக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து, வடிகட்டியில் வெள்ளையாக அடைக்கும். அப்படிப்பட்ட கிணறு என்றால் சோப்பை விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் ஒட்டும் திரவத்தை லிட்டருக்கு ஒரு மில்லி சேர்த்துப் பாருங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலை தீயும்.

மாலையில் அடியுங்கள். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். வெண்டையில் நோய் கீழ் இலைகளிலிருந்துதான் ஏறுகிறது. நன்றாக வெளுத்துப்போன கீழ் இலைகளை முதலில் பறித்து வெளியே கொண்டுபோய்விடுங்கள். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, மழை பெய்து கழுவிவிட்டால் திரும்பவும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்று வைத்தால் 3 சதவீதத்தில் ஒரு தடவைக்கு 6 லிட்டர் எண்ணெய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அரை ஏக்கர் வெண்டைக்குத் தாங்கும் செலவு ஐந்து ஏக்கருக்குத் தாங்காமல் போகலாம்.

கடையில் 1500 பிபிஎம், 10000 பிபிஎம் என்று வேம்பு மருந்து விற்கிறார்களே, அது போதாதா?

அந்த எண், வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் மருந்தில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. அசாடிராக்டின் பூச்சிக்கானது: புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும், தின்னவிடாமல் செய்யும். பூஞ்சணத்தைப் பொறுத்தவரை வேலை செய்வது பெரும்பாலும் எண்ணெய்ப் பகுதி. அமெரிக்காவில் பூஞ்சணக்கொல்லியாக விற்கும் வேம்புத் தயாரிப்பு ஒன்று, அசாடிராக்டினைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் எண்ணெயிலிருந்தே வருகிறது. ஆகவே 10000 பிபிஎம் மருந்தை லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லி கலந்து அடித்துவிட்டுச் சாம்பல் நோய் போகவில்லையே என்றால், போகாதுதான். இலைமேல் விழும் எண்ணெய் மிகக் குறைவு.

வேப்பங்கொட்டைக் கரைசல்?

5 சதவீதக் கரைசல்: 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் பால் போன்ற சாறு வரும்வரை முடிச்சைப் பிழிந்து பிழிந்து எடுங்கள். வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, 100 லிட்டராக்குங்கள். பூச்சிக்கு நன்றாகக் கேட்கும். நோய்க்கு எண்ணெய் அளவுக்கு இல்லை.

கொட்டை பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் பழம் விழும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காயவைத்தது வேண்டும். மூன்று மாதம் ஆனது நல்லது, எட்டுப் பத்து மாதத்துக்கு மேல் போனால் வீரியம் குறையும். ஈரத்தோடு மூட்டை கட்டி, பச்சைப் பூசணம் பூத்த கொட்டையை எடுக்காதீர்கள். அந்தப் பூசணத்தில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கக்கூடும். இடிக்கும்போது தூசி நம் மூக்கில்தான் ஏறும்.

பூண்டுக் கரைசலைக் கொதிக்க வைத்தால் இன்னும் வீரியம் ஏறுமா?

தலைகீழ். முழுப் பூண்டில் அல்லிசின் என்ற அந்த நெடிப் பொருள் கிடையாது. அதற்கு மூலமான பொருள் ஓர் அறையிலும், அதை மாற்றும் நொதி இன்னோர் அறையிலும் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து, அப்போதுதான் அல்லிசின் உருவாகிறது. பூஞ்சணத்தையும் பாக்டீரியாவையும் தாக்குவது அதுதான். பூண்டை முழுதாக வேகவைத்தால் நொதி செத்துவிடும், அப்புறம் அரைத்து என்ன பயன்? கஷாயமாகக் காய்ச்சிப் பாதியாக வற்றவைப்பது வேறு சில இலைகளுக்குச் சரியாக இருக்கலாம், பூண்டுக்குக் கூடாது.

பச்சையாக அரைத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டு, தண்ணீர் சேர்த்து வடிகட்டி, அன்றைக்கே அடியுங்கள். 10 லிட்டருக்கு 200 கிராம் பூண்டில் தொடங்கலாம். அல்லிசின் ஆவியாகிப் போகும், சீக்கிரம் சிதையும். அதனால் இதன் காவல் சில நாள்தான். ஒரு வாரம் கேனில் வைத்திருந்து அடிப்பதற்குச் சமையலில் போட்டிருக்கலாம். சில குறிப்புகளில் பூண்டை மண்ணெண்ணெயில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். காய்கறிப் பயிரில் அதைச் செய்ய வேண்டாம், இலை கருகும்.

பத்திலைக் கஷாயம், அக்னி அஸ்திரம் நோய்க்கும் அடிக்கலாமா?

அவை முதலில் பூச்சிவிரட்டிகள். ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை, நாறும் இலை என்று நம் ஊரில் சொல்லும் கணக்கே பூச்சியை மனதில் வைத்ததுதான். நொச்சி, ஆடாதோடை, எருக்கு, வேம்பு எல்லாவற்றிலும் பூஞ்சணத்தைத் தடுக்கும் பொருட்களும் கொஞ்சம் உண்டு. ஆனால் பத்து இலையைச் சேர்த்து ஊறவைத்து 10 லிட்டருக்கு அரை லிட்டர் கலக்கும்போது, அந்தப் பொருள் இலைமேல் எவ்வளவு தங்கும்? பூச்சிக்கு அடிக்கிறீர்கள், நோய்க்கும் கொஞ்சம் உதவினால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய்க்கென்றே அடிக்க அதை நம்ப மாட்டேன்.

பயிர் நோய்க்கென்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த இலைகளும் இருக்கின்றன. நெல் இலையுறை அழுகலுக்கு நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேல இலைப்பொடிச் சாறு எக்டேருக்கு 25 கிலோ என்பது அப்படி ஒன்று. அது நெல்லுக்கு, காய்கறிக்கு அப்படியே தூக்கி வர முடியாது.

புளித்த மோர்?

செடிச்சாறு இல்லை, இருந்தாலும் எல்லோரும் கேட்பதால்: சாம்பல் நோய்க்குத் தொடக்கத்தில் அடித்துப் பார்க்கலாம். பிரேசிலில் சுரை இனக் காய் ஒன்றில் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து அடித்துச் சாம்பல் நோய் குறைந்ததாக 1999-ல் ஆய்வு வெளியானது. மாடித்தோட்டத்துக்கு இது மலிவு, வேப்பெண்ணெய் நாற்றமும் இல்லை. வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும்.

ஆய்வகத்தில் பூஞ்சணத்தை முற்றிலும் தடுத்தது என்று படிக்கிறோம். வயலில் ஏன் அப்படி இல்லை?

ஆய்வகத்தில் செய்வது இது: அகர் என்ற கூழில் சாற்றைக் கலந்து தட்டில் ஊற்றி, நடுவில் பூஞ்சணத் துண்டு ஒன்றை வைத்து, எவ்வளவு பரவுகிறது என்று அளப்பார்கள். பூஞ்சணம் அந்தச் சாற்றிலேயே கிடக்கிறது, தப்பிக்க இடமில்லை. வெயில் இல்லை, மழை இல்லை, தட்டுக்கு மூடியும் உண்டு. வயலில் வெயில் சாற்றைச் சிதைக்கும், பனியும் மழையும் கழுவும், ஆவியாவது ஆவியாகும். போதாததற்கு, வெங்காயத்தாள் போன்ற மெழுகு இலையில் ஒட்டும் திரவம் இல்லாமல் அடித்தால் பாதி உருண்டு தரையில் விழும்.

அதனால் சமையலறையில் இருக்கும் பட்டை, கிராம்பு, ஓமம், மஞ்சள் எதை எடுத்து அகர் தட்டில் போட்டாலும் ஏதாவது ஒரு பூஞ்சணம் வளராமல் நிற்கும். இப்படிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. வயலில் நிற்கும் பொருளாக வந்தவை கொஞ்சம்தான். ஓமத்தில் உள்ள தைமால், கிராம்பில் உள்ள யூஜெனால், இவற்றோடு ஜெரானியால் மூன்றையும் சேர்த்துத் திராட்சையின் சாம்பல்நிற அழுகலுக்கு ஐரோப்பாவில் மருந்தாக விற்கிறார்கள். அங்கேகூட அந்த எண்ணெய்களை நுண்ணிய உறைகளில் அடைத்து, மெதுவாக வெளியேறும்படி செய்துதான் பயன்படுத்துகிறார்கள். ஆவியாகிப் போகும் சிக்கலை அப்படித் தீர்த்தார்கள்.

இன்னொரு வகைச் சாறு பூஞ்சணத்தை நேரே தாக்காமல் செடியை உசுப்பிவிடுகிறது. கிழக்காசியாவில் புதராக மண்டி வளரும் ஒரு செடியின் சாறு வெள்ளரிச் சாம்பல் நோய்க்கு இப்படி வேலை செய்கிறது: அடித்த பிறகு வெள்ளரி தானே எதிர்ப்புப் பொருட்களைச் சுரக்கிறது. இந்த வகையை நோய் வரும் முன்பே கொடுத்தாக வேண்டும்.

நாற்றங்காலில் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்கிறது. எந்தச் சாறு ஊற்றலாம்?

சாய்ந்த நாற்றுக்கு எதுவும் இல்லை. மேட்டுப்பாத்தி, நெருக்கமில்லாத விதைப்பு, மாலையில் தண்ணீர் ஊற்றாமல் காலையில் அளவாக ஊற்றுவது, இந்த மூன்றும் எந்தச் சாற்றையும் விட அதிகம் செய்யும். விதைக்கும் முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து நேர்த்தி செய்யுங்கள். பாத்தி மண்ணில் வேப்பம் பிண்ணாக்கைப் பொடித்துக் கலக்கலாம். டிரைக்கோடெர்மா நல்ல பூஞ்சணம். பிண்ணாக்கோடும் மட்கிய எருவோடும் சேர்த்து, ஈரம் காட்டி நிழலில் சில நாள் வைத்தால் பெருகும்.

மிளகாயில் பழ அழுகல் வருகிறது. வேப்பெண்ணெய் போதுமா?

போதாது. இந்த நோய் விதை வழியாகவும் வருகிறது, உதிர்ந்த பழத்திலும் காய்ந்த கிளையிலும் தங்கியிருக்கிறது. வட்டமாகக் குழிந்து, உள்ளே கரும்புள்ளிகள் வளையம் வளையமாக நிற்கும் பழத்திலிருந்து விதை எடுத்தால் அடுத்த வருடத்துக்கும் சேர்த்தே விதைக்கிறீர்கள். அழுகின பழத்தைப் பறித்து வரப்பில் போடாதீர்கள். காய் பிடிக்கும் பருவத்தில் மழை தொடர்ந்தால் தாமிரப் பூஞ்சணக்கொல்லிக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊட்டி, கொடைக்கானல் உருளைக் கருகலுக்கு?

மூடுபனியும் தூறலும் விடாத நாட்களில் எந்த இலைச்சாற்றையும் நம்பி உட்காராதீர்கள். போர்டோ கலவை 1 சதவீதம்: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். அதையும் நோய் தெரியும் முன் அடிக்க வேண்டும்.

கந்தகம், காப்பர், டிரைக்கோடெர்மாவோடு கலக்கலாமா?

கந்தகத்தோடு எண்ணெய் கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும். ஒன்றுக்கும் மற்றதற்கும் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். காப்பரையும் எண்ணெயோடு கலக்காமல் தனியாகவே அடிப்பது நல்லது. பூண்டுச் சாறு கெட்ட பூஞ்சணம், நல்ல பூஞ்சணம் என்று பார்த்துத் தாக்காது. அதனால் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கொடுக்கும் நாளை ஒட்டி அதைத் தெளிக்காதீர்கள்.

வேம்புக்கு வெளிநாட்டார் வாங்கிய காப்புரிமை பூஞ்சண நோய் பற்றியதா?

ஆமாம், பலர் பூச்சி மருந்து என்று நினைத்திருக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் சேர்ந்து, வேப்பெண்ணெயால் செடிகளில் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் 1994-ல் உரிமை பெற்றன. இந்தியச் சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா, பெல்ஜியப் பசுமைக் கட்சி அரசியல்வாதி மாக்தா ஆல்வூட், பன்னாட்டு இயற்கை வேளாண் இயக்கக் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்த்தனர். 2000 மே மாதம் உரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் மாதம் தள்ளுபடி ஆனது.

வெண்டை மஞ்சள் தேமலுக்கு என்ன சாறு?

அது வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது. பூஞ்சணத்துக்கான எதுவும் கேட்காது. தொடக்கத்திலேயே பிடுங்கி அழித்துவிட்டு, ஈயைப் பாருங்கள்.

ஊமத்தை, அரளி, புகையிலை சேர்க்கலாமா? இயற்கைதானே?

இயற்கை என்பதால் விஷம் விஷமில்லாமல் ஆகிவிடாது. ஊமத்தையிலும் அரளியிலும் மனிதனைக் கொல்லும் பொருட்கள் உள்ளன. பறித்து அப்படியே கடிக்கும் வெள்ளரி, தக்காளியில் இவற்றை அடிக்க வேண்டாம். அரைக்கும் மிக்சியைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகவும் வேண்டாம். புகையிலையில் இன்னொரு வம்பு: பதப்படுத்திய இலையிலும் புகையிலைத் தேமல் வைரஸ் உயிரோடு இருக்கும். தக்காளி, மிளகாய் இரண்டுக்கும் அது தொற்றும். நோய்க்கு மருந்தென்று நோயையே தெளித்த கதையாகிவிடும்.

வேப்பெண்ணெய் அடித்த காயை எத்தனை நாளில் பறிக்கலாம்?

வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிப்பதால் இந்தக் கேள்வி நியாயமானது. காலையில் பறித்து முடித்துவிட்டு அன்று மாலையே அடியுங்கள். அடுத்த பறிப்பு வரை இடைவெளி கிடைக்கும், தேனீயும் அந்த நேரத்தில் பூவில் இருக்காது. முடிந்தால் மூன்று நாளாவது விட்டால் இன்னும் நல்லது. நாற்றமும் கசப்பும் காயில் ஒட்டியிருக்கும், சந்தையில் மோந்து பார்த்தே விலையைக் குறைப்பார்கள். கீரையில் அடிக்கவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் கசப்பு குழம்பு வரை வரும்.